நடைபாதை வேலை எந்த மேசையில் நிற்கிறது?

கேள்வியின் சுருக்கம் இது: சென்னையில் ஒரு உட்புறச் சாலை, அதில் ஒரு பள்ளி. இருபுறமும் நடைபாதை, பள்ளி வாசலில் உயர்த்திய ஸீப்ரா கடவை என்று அறிவித்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. பூமி பூஜை நடந்தது, ஒரு பக்கம் கொஞ்ச தூரம் தோண்டினார்கள், அப்படியே விட்டுப் போய்விட்டார்கள். மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் புகார் சொன்னால் சில நாளில் ‘தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வருகிறது. மாநகராட்சியைப் பதில் சொல்ல வைக்க வழி உண்டா?

உண்டு. ஆனால் ‘மாநகராட்சி ஏன் செய்யவில்லை’ என்று கேட்டுக்கொண்டிருக்கும் வரை பதில் வராது. மாநகராட்சி என்று ஒரு ஆள் கிடையாது. வேலை தாமதமாகிறது என்றால், அதன் கோப்பு ஏதோ ஒரு கட்டத்தில், யாரோ ஒருவர் மேசையில் நிற்கிறது. அது எந்தக் கட்டம் என்பதைக் காகிதத்தில் வாங்க வேண்டும். அந்தத் தாமதத்தால் யாருக்கு என்ன ஆபத்து என்பது அவர்களுக்குத் தெரியும் என்பதையும் காகிதத்தில் ஏற்ற வேண்டும். ஆர்ப்பாட்டம், பத்திரிகைச் செய்தி, வழக்கு எல்லாமே இந்த இரண்டு காகிதமும் கையில் இருந்தால்தான் எடுபடும்.

1913 எண்ணும் நம்ம சென்னை செயலியும் எரியாத விளக்குக்கும் அள்ளாத குப்பைக்கும் நன்றாகவே வேலை செய்யும். புகார் அந்தப் பகுதி உதவிப் பொறியாளரிடம் போகும், கெடுவுக்குள் அவர் அதை மூடியாக வேண்டும். பல லட்ச ரூபாய் வேலையை அவரால் இரண்டு நாளில் முடிக்க முடியாது என்பதால் எதையாவது எழுதி மூடுகிறார். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. புகார் எண்களை மட்டும் தேதியோடு சேர்த்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு நடைபாதை வேலை கடக்க வேண்டிய படிகள் ஏறக்குறைய இவை: எஸ்டிமேட், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், ஒப்பந்தம், பணி ஆணை, இடத்தைக் கான்ட்ராக்டரிடம் ஒப்படைப்பது, வேலை, எம் புக்கில் (செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) அளவு ஏற்றுவது, பில். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே ‘தாமதம்’தான். உள்ளே ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, பதில் சொல்ல வேண்டிய ஆளும் வேறு. டெண்டரே வரவில்லை என்றால் பணம் ஒதுக்கவில்லை, அல்லது வேறு இடத்துக்குத் திருப்பியிருக்கிறார்கள். அது கவுன்சிலரிடமும் மண்டலக் குழுவிடமும் கேட்க வேண்டிய அரசியல் கேள்வி. டெண்டர் போட்டும் யாரும் எடுக்கவில்லை என்றால் எஸ்டிமேட் விலை கட்டுபடியாகவில்லை, அல்லது பழைய பில் பாக்கி நிற்பதால் கான்ட்ராக்டர்கள் ஒதுங்குகிறார்கள்.

பணி ஆணை கொடுத்து, தோண்டி, அதன்பின் நின்றுபோன வேலை வேறு வகை. உங்கள் தெரு இதில்தான் வரும் போலிருக்கிறது. கான்ட்ராக்டர் ஆட்களை வேறு பெரிய வேலைக்கு அழைத்துப் போயிருக்கலாம். அல்லது தோண்டிய இடத்தில் மின்வாரியக் கேபிளோ மெட்ரோ வாட்டர் எனப்படும் குடிநீர், கழிவுநீர் வாரியத்தின் குழாயோ குறுக்கே வந்திருக்கலாம். நான் இரண்டாவதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். சென்னையில் பல இடங்களில் நடைபாதை என்பது மழைநீர் வடிகாலின் மூடிதான். வடிகாலுக்கு ஒரு துறை, அதன் பக்கத்தில் நிற்கும் மின்சாரப் பில்லர் பெட்டிக்கு இன்னொரு துறை, கழிவுநீர் இணைப்புக்கு மெட்ரோ வாட்டர். பெட்டியை நகர்த்த மின்வாரியம் எஸ்டிமேட் கொடுக்க வேண்டும், மாநகராட்சி அந்தப் பணத்தைக் கட்ட வேண்டும், பிறகுதான் ஆள் வருவார். இந்தக் கடிதப் போக்குவரத்து நடக்கிறதா, அல்லது யாருமே கடிதம் எழுதவில்லையா என்பது கோப்பைப் பார்த்தால்தான் தெரியும். பல நேரம் எழுதியிருக்கவே மாட்டார்கள்.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம். சாலை யாருடையது என்பதை உறுதிசெய்யுங்கள். மாநகராட்சிக்குள்ளேயே பேருந்து போகும் சாலைகளைத் தனித் துறை பார்க்கிறது, 5,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் உட்புறச் சாலைகள் மண்டல அலுவலகத்தின் பொறுப்பு. சில பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கின்றன. மெட்ரோ ரயில் வேலை நடக்கும் இடங்களில் சாலை தற்காலிகமாக அந்த நிறுவனத்திடம் இருக்கும். தப்பான அலுவலகத்துக்கு மனு போட்டால் அதை மாற்றி அனுப்புவதிலேயே வாரங்கள் போய்விடும்.

அப்புறம் ஆர்.டி.ஐ. மனு. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். ‘ஏன் தாமதம், எப்போது முடியும்’ என்று எழுதாதீர்கள். கருத்தும் காரணமும் ஆவணம் அல்ல, தர இயலாது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நிர்வாக அனுமதி ஆணையின் நகல், பணி ஆணையின் நகல், ஒப்பந்தத்தில் குறித்த முடிவுத் தேதி, எம் புக்கில் இந்த வேலைக்கான பக்கங்கள், இதுவரை கொடுத்த பில்களின் விவரம், மின்வாரியத்துக்கும் மெட்ரோ வாட்டருக்கும் எழுதிய கடிதங்கள், அவர்கள் தந்த பதில்கள்.

இதோடு இன்னொன்றையும் கட்டாயம் கேளுங்கள். என் கணிப்பில் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: காலநீட்டிப்பு ஆணைகள், தாமதத்துக்காகப் பிடித்தம் செய்த தொகை. ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் வேலைக்குக் கெடு இருக்கும். கெடு தாண்டினால் கான்ட்ராக்டர் நீட்டிப்புக் கேட்க வேண்டும், ஒரு அதிகாரி காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும், இல்லையென்றால் பில்லில் பிடிக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால் கேள்வி கான்ட்ராக்டரைத் தாண்டி அந்த அதிகாரியிடம் போகிறது. ‘நீட்டிப்பும் இல்லை, அபராதமும் இல்லை’ என்ற பதில் ஒரு வரிதான். ஆனால் தணிக்கைக்கும் நீதிமன்றத்துக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 2(ஜே)-ஐப் பலர் கவனிப்பதில்லை. நகல் வாங்குவதோடு அது நிற்கவில்லை. நடந்துகொண்டிருக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் அது உரிமை தருகிறது. பேவர் கல்லின் கீழே ஜல்லி எத்தனை அங்குலம் என்று தோண்டிப் பார்க்கச் சொல்லலாம். ‘பணியிடத்தையும் எம் புக்கையும் பார்வையிட விரும்புகிறேன்’ என்று ஒரு வரி சேர்த்தாலே போதும், பார்வையிடும் நாள் வருவதற்கு முன்பே பொறியாளரிடமிருந்து போன் வந்தாலும் வரும். கெடுவுக்குள் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்தில் விசாரணைக்கு வர நாளாகும், அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் என்று 25,000 வரை அபராதம் விதிக்கலாம் என்பது சட்டத்தில் இருக்கிறது. முதல் மேல்முறையீட்டில் அதைப் பணிவாக நினைவூட்டலாம்.

இதெல்லாம் அவர்களிடமிருந்து நீங்கள் வாங்கும் காகிதம். நீங்கள் அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய காகிதத்தைப் பற்றிப் பேச நியூயார்க்கிலிருந்து ஒரு கதை சொல்ல வேண்டும். சாலைப் பள்ளத்தாலும் உடைந்த நடைபாதையாலும் அடிபட்டவர்கள் வழக்குப் போட்டு நகரத்துக்குச் செலவு கூடியபோது, 1980 வாக்கில் அங்கே ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது: குறைபாடு இருப்பதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்திருந்தால் ஒழிய நகரம் நஷ்டஈடு தராது. எந்தக் கல் பெயர்ந்திருக்கிறது என்று யார் எழுதிக் கொடுக்கப் போகிறார்கள் என்ற தைரியம். 1982-இல் வழக்கறிஞர்கள் சங்கம் ‘பிக் ஆப்பிள் பாட்ஹோல் அண்ட் சைடுவாக் புரொடெக்‌ஷன் கார்ப்பரேஷன்’ என்று ஒரு அமைப்பையே தொடங்கி, ஆட்களைத் தெருத்தெருவாக நடக்கவிட்டு, ஒவ்வொரு விரிசலையும் மேட்டையும் வரைபடத்தில் குறித்து நகர நிர்வாகத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தது. அதன்பின் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று. வக்கீல்கள் ஊர்நலனுக்காகச் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், வழக்கு கிடைக்க வேண்டுமே. இருபது ஆண்டு கழித்து, 2003-இல், நகரம் நடைபாதைக்கான பொறுப்பில் பெரும்பகுதியை அருகிலுள்ள கட்டட உரிமையாளர்கள் தலையில் கட்டிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் ஊரில் அப்படிப்பட்ட சட்டம் இல்லை. ஆனால் தர்க்கம் இங்கேயும் பொருந்தும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தெருக்காரர்கள் நாலைந்து பேர், கூடவே சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஒருவரும் ஒரு முதியவரும், அளவு நாடாவோடு தெரு முழுவதும் நடந்து பாருங்கள். இந்திய சாலைக் காங்கிரசின் ஐ.ஆர்.சி. 103 வழிகாட்டி, நடக்க 1.8 மீட்டர் தடையற்ற அகலம் வேண்டும், நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. எங்கே எவ்வளவு குறைகிறது, குழி எந்தக் கதவு எண்ணின் முன்னால் இருக்கிறது, எத்தனை அடி ஆழம், இரவில் விளக்கு எரிகிறதா என்று படத்தோடு எழுதுங்கள். மண்டல அலுவலர், செயற்பொறியாளர், ஆணையர் மூவருக்கும் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ‘பள்ளி நேரத்தில் குழந்தைகள் சாலையில் இறங்கி நடக்கிறார்கள்’ என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். நாளைக்கு ஏதாவது நடந்தால், தெரிந்தே விட்டார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

சட்டம் நமக்கு ஆதரவாக நிற்கும் இடங்கள் சில உண்டு. மிகப் பழையது 1980-இல் வந்த ரத்லம் தீர்ப்பு. மத்தியப் பிரதேசத்து ஊர் அது. வடிகால் இல்லாமல் நாற்றத்தில் கிடந்த வார்டு மக்கள் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள், நகராட்சி பணமில்லை என்றது. உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்தச் சாக்கை ஏற்கவில்லை. மக்கள் பயன்படுத்தியது பொதுத் தொல்லையை அகற்றும் சட்டப்பிரிவு, அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 152. உயர் நீதிமன்றத்துக்குப் போகாமலே எடுக்கக்கூடிய வழி. திறந்து கிடக்கும் குழிக்கு இது நன்றாகப் பொருந்தும், ஆனால் யாரும் அதிகம் முயல்வதில்லை.

புதியது, கோவை எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கு. அதில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்பின் 21-ஆம் பிரிவுக்குள் வருகிறது என்று சொல்லி, வழிகாட்டு நெறிகள் வகுக்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், பெருநகரங்களில் நடைபாதைகளைத் தணிக்கை செய்யவும், மாநிலங்கள் ஆறு மாதத்துக்குள் விதிகள் இயற்றவும் உத்தரவிட்டது. 2023-இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்த 1,72,890 பேரில் 35,221 பேர் நடந்து போனவர்கள். ஐந்தில் ஒருவர். உங்கள் மனுவில் இந்த வழக்கின் பெயரைச் சேருங்கள். அதே அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம், சாலைப் பள்ளத்தால் மரணம் என்றால் குடும்பத்துக்கு 6 லட்சம், காயம் என்றால் 50,000 முதல் 2.5 லட்சம் ரூபாய் வரை என்று தொகையே நிர்ணயித்தது. அந்தத் தீர்ப்பு சென்னையைக் கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக்காட்டலாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 198ஏ பிரிவையும் பலர் சொல்வார்கள். வடிவமைப்பு, பராமரிப்பு விதிகளை மீறியதால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பான அமைப்புக்கும் கான்ட்ராக்டருக்கும் 1 லட்சம் வரை அபராதம். ஆள் போன பிறகு வரும் பிரிவு அது, தாமதத்தைத் தடுக்க உதவாது.

உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம். ஆனால் பெரும்பாலும் ‘மனுதாரரின் மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலிக்கவும்’ என்ற அளவில் முடியும். அதனால்தான் முதலில் கொடுக்கும் மனு துல்லியமாக இருக்க வேண்டும் என்கிறேன். ‘நடைபாதை வேண்டும்’ என்ற மனுவைப் பரிசீலித்து ‘ஆவன செய்யப்படும்’ என்று பதில் போட்டுவிடலாம். ‘இந்தப் பணி ஆணையின் கெடு இந்தத் தேதியோடு முடிந்துவிட்டது, நீட்டிப்பு ஆணை இல்லை, இன்னும் எத்தனை நாளில் முடிப்பீர்கள்’ என்பதற்கு அப்படிப் பதில் போட முடியாது. தெருவில் மாற்றுத்திறனாளி யாராவது இருந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் போகலாம். 2016 சட்டப்படி அவருக்குச் சிவில் நீதிமன்றத்துக்கான அதிகாரங்கள் உண்டு, வக்கீல் செலவும் இல்லை.

சட்டத்திலேயே இலக்கை எழுதிவிட்டால் தாமதம் நிற்குமா? நிற்கவில்லை. நியூயார்க்கில் 2019-இல் ஒரு நகரச் சட்டம் ஐந்து ஆண்டில் மற்ற வண்டிகள் நுழையாதபடி பிரித்த பேருந்துத் தடம் 150 மைல், அப்படியே பிரித்த சைக்கிள் தடம் 250 மைல் என்று எண்ணோடு சொன்னது. தவறினால் என்ன என்று சொல்லவில்லை. நகரம் இலக்கைத் தொடவேயில்லை. நம் மாநகராட்சியும் 2014-இல், இந்தியாவிலேயே முதலாவதாக, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமான கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான பட்ஜெட்டில் 60 சதவீதத்துக்குக் குறையாமல் இதற்கே செலவிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. தி. நகர் பாண்டி பஜார் நடப்பவர்களுக்கு ஏற்றபடி மாறியது உண்மை. மற்ற தெருக்களின் கதையை நீங்களே பார்க்கிறீர்கள். ஒவ்வொரு ஆண்டும் பட்ஜெட் வரும்போது அந்த 60 சதவீதம் எங்கே என்று கவுன்சிலர்கள் கேட்க வேண்டும், யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை.

லாஸ் ஏஞ்சலஸ் வேறு வழியில் போனது. 2015-இல் போட்ட சாலைத் திட்டம் கிடப்பில் கிடக்க, 2024 மார்ச்சில் அந்த ஊர் மக்கள் வாக்கெடுப்பில் ‘மெஷர் எச்.எல்.ஏ.’ என்பதை நிறைவேற்றினார்கள். ஒரு சாலையில் எட்டில் ஒரு மைல், அதாவது சுமார் 200 மீட்டர், மறுபடி தார் போட்டால், திட்டத்தில் அந்தச் சாலைக்குச் சொன்ன கடவை, சைக்கிள் தடம் எல்லாவற்றையும் அப்போதே செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் குடிமகன் வழக்குப் போடலாம். தேதிக்குப் பதிலாக ஒரு நிகழ்வோடு கடமையை முடிச்சுப் போட்டதுதான் இதில் கெட்டிக்காரத்தனம். நகரமும் லேசுப்பட்டதல்ல. முழுச் சாலைக்குத் தார் போடுவதை விட்டுவிட்டு ‘பெரிய அளவு ஒட்டு வேலை’ என்ற பெயரில் செய்யத் தொடங்கியது என்று அங்கே சண்டை நடக்கிறது.

அந்த முடிச்சை நாமும் போடலாம், வாக்கெடுப்பு இல்லாமலே. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய அடுக்கு போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு அனுப்பினார். அப்படிச் செய்யாத தெருக்களில் சாலை ஏற ஏற நடைபாதை பள்ளமாகிறது. உங்கள் தெரு தார் போடும் பட்டியலில் இருந்தால், நடைபாதை முடியாமல் தார் போடக் கூடாது என்று ஏரியா சபையில், அதாவது வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் மக்கள் கூடும் கூட்டத்தில், தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். 2022 நவம்பரில் தொடங்கிய இந்தச் சபைகளில் பெரும்பாலும் குப்பையும் கொசுவும்தான் பேசப்படும். ஆனால் அங்கே பதிவாகும் தீர்மானம் ஆவணம், பின்னால் ஆர்.டி.ஐ.-யில் கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை. நடைபாதை பற்றி அழுத்தம் கூடியதும் அதிகாரிகள் செய்யும் சுலபமான காரியம், லாரியோடு வந்து இட்லிக் கடையையும் பூக்காரம்மாவையும் தூக்குவது. மறுநாள் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று பதில் வரும், குழி அப்படியே இருக்கும். 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டப்படி, வியாபாரக் குழுவின் கணக்கெடுப்பு முடியாமல் அவர்களை அகற்றக் கூடாது. உங்கள் மனுவிலேயே ‘எங்கள் கோரிக்கை கட்டுமானம் பற்றியது, வியாபாரிகளை அகற்றுவது பற்றியது அல்ல’ என்று எழுதிவிடுங்கள். அவர்களும் உங்கள் பக்கம் நிற்பார்கள், எந்த நாளில் யார் தோண்டினார் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இனி உங்கள் தெருவுக்கு. இந்த வாரமே செய்ய வேண்டியது குழியைப் பற்றி மட்டும் ஒரு தனிக் கடிதம்: தடுப்பு, பிரதிபலிக்கும் பட்டை, இரவு விளக்கு. இவை பொதுவாகக் கான்ட்ராக்டரின் ஒப்பந்தக் கடமைக்குள்ளேயே வரும், புதிய அனுமதி எதுவும் வேண்டாம். கடவைக்காகப் போக்குவரத்துக் காவல்துறைக்கும் பள்ளித் தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒரு கடிதம் போகட்டும், அவர்களின் பரிந்துரை இருந்தால் மாநகராட்சி மறுப்பது கடினம். ஆர்.டி.ஐ. மனுவை அதோடு சேர்த்தே போடுங்கள். வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டு ஒவ்வொரு ஆண்டும் சாலை வெட்டுக்குத் தடை வந்துவிடும், அதன்பின் ஜனவரி வரை யாரும் மண்வெட்டியைத் தொட மாட்டார்கள். ஆகவே, குறுக்கே வந்தது கேபிள்தான் என்றால் அதை நகர்த்தும் வேலைக்கான தேதியை ஆகஸ்டுக்குள் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். அது தவறினால், பட்ஜெட் தயாராகும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் கவுன்சிலரின் கையில் உங்கள் பணி ஆணையின் நகலைக் கொடுத்து, மண்டலக் குழுக் கூட்டத்தில் அதை வாசிக்கச் சொல்லுங்கள்.